பிராசசரை மாற்ற வயது ஒரு காரணமா?

கேம் விளையாடும் கம்ப்யூட்டர் ஏழெட்டு வயதைத் தாண்டினால் வீட்டில் பேச்சு கிளம்பிவிடும். ‘பிராசசரை மாத்தணும்’ என்பான் பிள்ளை. ‘போன வருஷம்தானே கிராபிக்ஸ் கார்டு வாங்கிக் கொடுத்தேன்’ என்பார் அப்பா. கடையில் கேட்டால், ‘ரொம்பப் பழைய ஜெனரேஷன் சார், மொத்தமா மாத்திடுங்க’ என்பார்கள். மூவர் பேச்சிலும் அளந்து பார்த்த ஓர் எண்கூட இருக்காது. பிராசசர் டயரைப் போலத் தேய்ந்துபோகிற பொருள் இல்லை. 2017-ல் செய்த கணக்கை இன்றும் அதே வேகத்தில்தான் செய்கிறது. அதன் தலையில் ஏற்றும் சுமைதான் கூடியிருக்கிறது. எனவே முடிவெடுக்க இரண்டு கேள்விகள் போதும் என்பது என் கட்சி. நாம் விளையாடும் கேம் திணறுவதற்குக் காரணம் பிராசசர்தானா? ஆம் என்றால், இருக்கிற மதர்போர்டிலேயே அதைவிட நல்லதைப் பொருத்த முடியுமா?

முதல் கேள்விக்கு வீட்டிலேயே விடை காணலாம். திரையில் வரும் ஒவ்வொரு பிரேமுக்கும், யார் எங்கே நிற்கிறார், எது எதன்மேல் மோதியது என்ற கணக்கையெல்லாம் முடித்து, ‘இதை வரை’ என்று பிராசசர் உத்தரவு கொடுக்கிறது. வரைவது கிராபிக்ஸ் கார்டு. நொடிக்கு 60 பிரேம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி நொடி. உத்தரவு தாமதமானால் எவ்வளவு விலையுயர்ந்த கார்டும் கைகட்டிக் காத்திருக்கும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு, வழக்கமாக விளையாடும் கேமை அரை மணி நேரம் ஆடினால் விஷயம் தெரிந்துவிடும். கார்டின் பயன்பாடு 97, 98 சதவீதத்தில் நின்றால் பிராசசர் நிரபராதி. பிரேம் எண்ணிக்கைக்கு நாமே வரம்பு எதுவும் வைக்காதபோதும் கார்டு 60, 70 சதவீதத்தில் தொங்கி, படமும் விட்டுவிட்டு ஓடினால் சந்தேகம் பிராசசர் மேல்தான். ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். வரையும் வேலை குறைந்த பிறகும் பிரேம் எண்ணிக்கை ஏறவில்லையா? சந்தேகம் கிட்டத்தட்ட உறுதி. இதில் பலர் ஏமாறும் இடம் டாஸ்க் மேனேஜர். அங்கே பிராசசர் 30 சதவீதம் என்று காட்டுவது அதன் எல்லாத் திரெட்டுகளின் சராசரி. கேமின் முக்கிய வேலையைச் சுமக்கும் ஒரே ஒரு திரெட் மூச்சுமுட்டிக் கிடப்பதை அந்தச் சராசரி மறைத்துவிடும்.

தீர்ப்பு எழுதுவதற்கு முன் வேறு சிலரையும் விசாரிக்க வேண்டும். 3200 வேகத்தில் ஓடவேண்டிய ராம், பயாஸில் எக்ஸ்எம்பி போடாததால் 2133-லேயே ஓடிக்கொண்டிருக்கலாம். இரண்டாக இருக்கவேண்டிய ராம் ஒன்றாக இருக்கலாம். கேம் இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கலாம். கூலரில் தூசி அடைத்து, பேஸ்ட் காய்ந்து, சித்திரை வெயிலில் சூடு தாங்காமல் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கலாம். இவற்றில் பாதி செலவே இல்லாத வேலை.

வயது ஏன் சரியான அளவுகோல் இல்லை என்பதைக் கடந்த பதினைந்து வருட வரலாறே காட்டுகிறது. 2011-ல் வந்த இன்டெல் கோர் ஐ7-2600கே பல ஆண்டுகள் அலுக்காமல் உழைத்தது. அதற்கு அந்தச் சிப்பின் பெருமை பாதி என்றால், 2013-ல் வந்த பிளேஸ்டேஷன் 4-ன் பலவீனம் மீதிப் பாதி. எட்டு கோர் இருந்தும் வெறும் 1.6 கிகாஹெர்ட்ஸில் ஓடிய அந்தக் கன்சோலில் ஓடவேண்டும் என்றுதான் பெரிய கேம்கள் எழுதப்பட்டன; கம்ப்யூட்டருக்கு அது சுலபமான வேலை. 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 எட்டு ஜென் 2 கோர்களுடன் வந்தது. பழைய கன்சோலுக்கும் சேர்த்துக் கேம் எழுதும் வழக்கம் குறையக் குறைய, நாலு கோர் பிராசசர்கள் திடீரென்று திணறின. சைபர்பங்க் 2077 ஒரு நல்ல சாட்சி. 2020-ல் வெளிவந்தபோது கோர் ஐ5-3570கே போதும் என்றார்கள். 2023 செப்டம்பரில் 2.0 பதிப்பு வந்தபோது குறைந்தபட்சத் தேவை கோர் ஐ7-6700 அல்லது ரைசன் 5 1600 என்று ஏறியது, எஸ்எஸ்டியும் கட்டாயமானது. ஆக, ஒன்பது வருடம் சும்மா இருந்த சுமை மூன்றே வருடத்தில் எகிறிவிட்டது. காலண்டரைப் பார்த்து வாங்கியவர்கள் முதல் ஒன்பது வருடத்தில் வீணாகச் செலவழித்திருப்பார்கள்.

இரண்டாவது கேள்வி, மதர்போர்டில் பிராசசர் உட்காரும் சாக்கெட் பற்றியது. பணம் மிச்சமாவதும் கரைவதும் இங்கேதான். 2017-ல் ஒருவர் ஏஎம்டி ரைசன் 5 1600 வாங்கினார், இன்னொருவர் இன்டெல் கோர் ஐ7-7700கே வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்குக் கேம்களில் வேகமானது இன்டெல்தான். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறைச் சிப்கள், 1151 என்ற அதே பின் எண்ணிக்கை இருந்தும், புது மதர்போர்டு கேட்டன. ஏஎம்டியோ ஏஎம்4 சாக்கெட்டை விடாமல் வைத்திருந்தது. தாராள மனதால் மட்டும் அல்ல. 2020-ல் பழைய போர்டுகளுக்கு ரைசன் 5000 வரிசை கிடையாது என்று அறிவித்துவிட்டு, வாடிக்கையாளர்கள் கொதித்த பிறகுதான் இறங்கிவந்தது. எப்படியோ, 2022-ல் 300 வரிசைப் போர்டுகளுக்கும் வழி திறந்தது. அந்த ஏப்ரலில் 96 எம்பி எல்3 கேஷுடன் ரைசன் 7 5800எக்ஸ்3டி அதே ஏஎம்4-ல் வந்தது. ரைசன் 1600 வைத்திருப்பவர் இன்று ஒரு 5600 வாங்கிப் பழைய போர்டில், பழைய ராமோடு பொருத்திக்கொள்ளலாம். 7700கே-காரர் போர்டும் சேர்த்து வாங்கவேண்டும். ஒரே வயதுள்ள இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு வேறு முடிவுகள்.

‘செத்த சாக்கெட்டில் பணம் போடலாமா? அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-க்குப் போனால் நாளைக்கும் உதவுமே’ என்பது வலுவான ஆட்சேபம். ஆனால் ஏஎம்5 டிடிஆர்5 ராமை மட்டுமே ஏற்கும். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளத் தொடங்கியதும் ராம் விலை எங்கே போனது என்று வாங்கியவர்களுக்குத் தெரியும். கையில் உள்ள டிடிஆர்4-ஐத் தூக்கிப்போடும் காலம் இது அல்ல. 7700கே-காரர்கூட டிடிஆர்4 ஏற்கும் 12-ம் தலைமுறை இன்டெல் போர்டையோ ஏஎம்4-ஐயோ பார்ப்பது நல்லது. ‘புதுச் சிப் இரண்டு மடங்கு வேகம் என்று கிராஃப் காட்டுகிறதே’ என்பார்கள். பிராசசர்களுக்குள் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியவேண்டும் என்பதற்காகவே விமர்சகர்கள் சந்தையிலேயே பெரிய கார்டை மாட்டி 1080பி-யில் சோதிக்கிறார்கள். அது சரியான முறைதான். ஆனால் நடுத்தரக் கார்டு வைத்து 1440பி-யில் ஆடுபவர் வீட்டில் அந்த இடைவெளியில் பெரும்பகுதி கண்ணுக்கே தெரியாது.

ஓர் ஆட்சேபத்தை மட்டும் நான் ஏற்றுக்கொள்கிறேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. மேலே சொன்ன இரண்டு 2017 சிப்களுமே விண்டோஸ் 11-ன் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. வேலரண்ட் போன்ற கேம்கள் விண்டோஸ் 11-ல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டையும் கேட்கின்றன. வங்கிக் கணக்கும் அதே கம்ப்யூட்டரில்தான் என்றால், பிரேம் எண்ணிக்கை எப்படி இருந்தாலும் மாற்றுவது நியாயமே. இன்னொன்று: மாற்றுவது என்று தெரிந்த பிறகு ஆறப்போடக் கூடாது. சாக்கெட்டின் கடைசிச் சிறந்த சிப்புக்கு உற்பத்தி நின்றதும் விலை இறங்காது, ஏறும். 5800எக்ஸ்3டி-யைத் தேடி அலைந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஏஎம்4 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பயாஸ் அப்டேட்டைப் பழைய சிப் மாட்டியிருக்கும்போதே முடித்துவிடுங்கள். புதுச் சிப்பை மாட்டிய பிறகு திரையே வராமல் போகலாம். கூலரைக் கழற்றும் முன் ஒரு கேமைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பேஸ்ட்டை இளக வையுங்கள். பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, கூலரை மேலே இழுக்காமல் இடமும் வலமுமாகத் திருகி எடுங்கள். இந்தச் சாக்கெட்டில் பின்கள் சிப்பின் அடியில் இருக்கின்றன. வெடுக்கென்று இழுத்தால் சிப்பும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். பழைய சிப்பை விற்றுக் கிடைக்கவேண்டிய காசும் அதோடு போகும்.