மண்ணில்லாக் கீரைக்கு எந்த நுண்ணுயிர்?

மண்ணில்லாமல் நீரில் கீரை வளர்ப்பவர்களைக் குறிவைத்துப் பலவிதமான நுண்ணுயிர் ஊக்கிகள் விற்பனைக்கு வந்துவிட்டன. சிலவற்றில் பேசில்லஸ், சூடோமோனாஸ், அசோஸ்பைரில்லம் போன்ற பாக்டீரியாக்கள் உயிருடன் இருக்கின்றன. மற்றவற்றில் அவற்றை நொதிக்கவைத்து, உயிர்களை நீக்கி வடித்த நீர் மட்டுமே இருக்கிறது. ஊட்டக் கரைசல் தொட்டியில் லிட்டருக்குச் சில மில்லி கலந்தால் இலை பெருக்கும், வேர் வெளுக்கும், உரச் செலவு குறையும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். ஒருங்கிணைந்த தோட்டக்கலை மேம்பாட்டு இயக்கத்தின் 2025 வழிகாட்டு நெறிமுறைகளில் ஹைட்ரோபோனிக்ஸ் எனப்படும் இந்த மண்ணில்லா வளர்ப்புக்கும் இடம் கிடைத்திருப்பதால் இந்தச் சந்தை இனி வேகமாக விரியும். இதன் பின்னால் இருக்கும் அறிவியல் மெய்யானது. ஆனால் மண்ணுக்குப் பொருந்திய கணக்கையே தண்ணீருக்கும் போட்டு விற்கிறார்கள் என்பதுதான் என் குறை.

நம் விவசாயிகளுக்கு உயிர் உரம் புதிதல்ல. அசோஸ்பைரில்லம் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும், பாஸ்போபாக்டீரியா கரையாத மணிச்சத்தைக் கரைத்துத் தரும் என்று வேளாண் துறை பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறது. வயலில் அது சரி. ஹைட்ரோபோனிக்ஸ் தொட்டியிலோ லிட்டருக்கு 100 முதல் 200 மில்லிகிராம் வரை தழைச்சத்து ஏற்கெனவே கரைந்திருக்கிறது. தழைச்சத்து இப்படித் தாராளமாகக் கிடைக்கும்போது காற்றிலிருந்து பிடிக்கும் வேலையை அசோஸ்பைரில்லம் நிறுத்திக்கொள்ளும். மணிச்சத்தும் முழுக்கக் கரைந்தே இருப்பதால் பாஸ்போபாக்டீரியாவுக்கு அங்கே கரைப்பதற்கு ஒன்றுமில்லை. இந்த இரண்டு காரணங்களைச் சொல்லி ஹைட்ரோபோனிக்ஸுக்கு ஒரு பொருளை விற்றால், வாங்க வேண்டாம்.

அப்படியானால் நீரில் நுண்ணுயிர் என்னதான் செய்கிறது? அது உண்டாக்கி வெளிவிடும் பொருட்களில்தான் விடை இருக்கிறது. 1926-இல் தைவானில் பணியாற்றிய ஜப்பானிய ஆய்வாளர் எயிச்சி குரோசாவா, நெல் நாற்றை ஒல்லியாக நெட்டுயரச் செய்யும் பக்கானே நோயை ஆராய்ந்தார். அந்த நோயை உண்டாக்கும் பூஞ்சையை வளர்த்த நீரை வடிகட்டி, பூஞ்சையே இல்லாத வடிநீரை மட்டும் நாற்றுக்குக் கொடுத்தார். நாற்று அப்போதும் நெட்டுயர்ந்தது. பின்னாளில் ஜிப்பரலின் என்று பெயர் பெற்று, இன்று திராட்சைத் தோட்டங்களில் தெளிக்கப்படும் பொருள் அதுவே. வேரைக் கிளைக்கச் செய்யும் ஆக்சின், இரும்புச்சத்தைப் பற்றிக் கொண்டுவரும் சிடரோபோர் என்று இன்னும் பலவற்றை நுண்ணுயிர்கள் தயாரிக்கின்றன. அசோஸ்பைரில்லம் நீரில் பயன்படும் என்றால் அது தரும் ஆக்சினால்தான்.

தமிழ்நாட்டுக் கீரைத் தொட்டிக்கு மிகவும் வேண்டியது வேரழுகலிலிருந்து பாதுகாப்பு. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராமாகச் சரியும். சித்திரை வெயிலில் மாடித் தொட்டி 30 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். மூச்சுத் திணறும் வேரைத் தேடிப் பித்தியம் என்ற வேரழுகல் கிருமி வருகிறது. அதன் வித்துகளில் ஒரு வகை, வால்கொண்டு நீரில் நீந்தக்கூடியது. ஒரே கரைசல் எல்லாக் குழாய்களிலும் சுற்றிவருவதால் ஒரு செடியில் தொற்றியது சில நாட்களில் மொத்தக் குடிலுக்கும் பரவிவிடும். இந்த நீந்தும் வித்துகளுக்குச் செல்சுவர் கிடையாது. சூடோமோனாஸ் இனமொன்று சுரக்கும் ராம்னோலிப்பிட் என்ற சோப்புத்தன்மையுள்ள பொருள் பட்டதும் அவற்றின் சவ்வு உடைந்து சிதறிவிடும். 1997-இலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்டாங்கெலினியும் மில்லரும் இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். ராம்னோலிப்பிட்டைப் பெருமளவில் சுரக்கும் சூடோமோனாஸ் எருஜினோசா, உடல் நலிந்த மனிதர்களுக்குத் தொற்று உண்டாக்கக்கூடியது. பச்சையாகத் தின்னும் இலையின் அடியில் அதை உயிருடன் விட முடியாது. உயிர் நீக்கிய பொருளுக்கு இங்கே தெளிவான நியாயம் இருக்கிறது.

உயிருள்ளவற்றை விடுபவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. தொட்டிக்குப் புற ஊதா விளக்கோ ஹைட்ரஜன் பெராக்சைடோ பயன்படுத்திக்கொண்டே நுண்ணுயிரையும் ஊற்றுவது காசைக் கரைப்பதாகும். நுண்ணுயிருக்கு உணவாகச் சர்க்கரைப் பாகு சேர்ப்பது இன்னும் மோசம். பாக்டீரியா கட்டின்றிப் பெருகி, வேருக்கான ஆக்சிஜனைத் தானே குடித்துவிடும். குழாய்களிலும் வழவழப்பான படலம் அடைத்துக்கொள்ளும். பஞ்சகவ்யத்தைத் தொட்டியில் விடுவதையும் நான் ஏற்கமாட்டேன். மண்ணில் அதற்குப் பெருமை இருக்கலாம். சாணம் கலந்த நீரில் நின்ற இலையைச் சாலட்டாகத் தின்பது ஆபத்து.

வெளிநாடுகளில் இந்த ஆய்வு வெகுதூரம் போய்விட்டது. தைவானில் ரோடோசூடோமோனாஸ் பலுஸ்ட்ரிஸ் என்ற ஒளிச்சேர்க்கைப் பாக்டீரியாவின் பிஎஸ்3 இனத்தைப் பாக்சோய் கீரையின் நீர்க்கரைசலில் சேர்த்தபோது, செடி தழைச்சத்தை எடுப்பது கூடியதையும் இளம் இலைகளில் ஆக்சின் உயர்ந்ததையும் கண்டிருக்கிறார்கள். ஜப்பானில் மகோத்தோ ஷினோஹாரா குழுவினர் 2011-இல் வேறொரு வழி காட்டினார்கள். மரப்பட்டை மட்கிலிருந்து எடுத்த நுண்ணுயிர்களை முதலில் நீரில் பழக்கி, மீன் கழிவு உரத்தைப் படிப்படியாக நைட்ரேட்டாக மாற்றவைத்து, அதன் பிறகே செடியை நட்டார்கள். மீன் அமிலத்தை நேரடியாகத் தொட்டியில் ஊற்றி வேரைக் கருக்கிக்கொள்பவர்கள் படிக்க வேண்டிய பாடம் அந்த வரிசைமுறையில் இருக்கிறது.

இலை பெரிதானதா என்று மட்டும் பார்ப்பதும் போதாது. கீரை, தேவைக்கு மேல் உறிஞ்சிய நைட்ரேட்டை இலையில் சேர்த்துவைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் ஸ்பினாச் கீரைக்குக் கிலோவுக்கு 3,500 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 3.7 மில்லிகிராம் நைட்ரேட்டை நாளொன்றுக்கு ஏற்கத்தக்க அளவாகச் சொல்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 222 மில்லிகிராம். வரம்பை எட்டிய கீரை 100 கிராமிலேயே 350 மில்லிகிராம் இருக்கும். கீரை தின்னப் பயப்பட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் உறிஞ்சுவதைக் கூட்டும் எந்த ஊக்கியும், உறிஞ்சிய நைட்ரேட்டைச் செடி புரதமாக மாற்றிக்கொள்கிறதா என்ற சோதனையிலும் தேற வேண்டும்.

சட்டம் இப்போதுதான் விழித்திருக்கிறது. 2021 பிப்ரவரியில் உரக் கட்டுப்பாட்டு ஆணை திருத்தப்பட்டு, ஆறாவது அட்டவணையில் உயிர் ஊக்கிகளுக்கு இடம் தரப்பட்டது. செல் நீக்கிய நுண்ணுயிர்ப் பொருட்கள் அதில் தனி வகை. 2025-இல் மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் சொன்ன கணக்கு அதிர்ச்சி தருவது: பல ஆண்டுகள் ஏறத்தாழ 30,000 உயிர் ஊக்கிகள் கேட்பாரின்றி விற்கப்பட்டன, பின்னர் அது 8,000 ஆனது, சோதனையை இறுக்கியதும் 650 அளவுக்கு வந்தது. ஊக்கிகளில் பூச்சிக்கொல்லி 0.01 பிபிஎம் வரம்பைத் தாண்டக்கூடாது, மூன்று வேளாண் சூழல் இடங்களில் ஒரு பருவம் சோதித்துக் காட்ட வேண்டும் என்பவை நல்ல விதிகள். ஆனால் அவை வயலை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நெல்லிலோ மிளகாயிலோ தேறிய பொருள் நீர்த்தொட்டி முளைக்கீரைக்கு எவ்வளவு, எப்போது என்று சொல்லாது. வேரழுகலைத் தடுக்கும் என்றோ ஜிப்பரலின் உள்ளது என்றோ சொன்னால் அது பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் போய்விடும். அதனால் உள்ளே இருப்பதை வெளியே சொல்லாமல் விற்பதே லாபமாகிறது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குச் சூடோமோனாஸையும் அசோஸ்பைரில்லத்தையும் கிராமங்கள் வரை கொண்டுசேர்த்த அனுபவம் உள்ளது. அது முளைக்கீரை, அரைக்கீரை, பாலக் மூன்றையும் கோடையில் நீர்க்கரைசலில் வளர்த்து, எடை, நைட்ரேட், வேர்நலம் ஆகியவற்றை அளந்து, எந்த ஊக்கி எவ்வளவு என்று தமிழில் வெளியிட வேண்டும். ஹைட்ரோபோனிக்ஸுக்கு மானியம் தரும் அரசு இதற்கும் பணம் ஒதுக்க வேண்டும். அதுவரை வளர்ப்பவர்கள் பதிவு விவரமும் நுண்ணுயிரின் இனப்பெயரும் அச்சிடாத எதையும் தொட்டியில் ஊற்றாதீர்கள். பதிவு பெற்றதை வாங்கினாலும், ஒரு தொட்டியை ஊக்கியின்றி விட்டு, அறுவடையின்போது இரண்டையும் எடைபோட்டுப் பார்த்த பின்பே அடுத்த முறை வாங்குங்கள்.