சுருதி தப்பிய பாட்டும் ஒரு பழைய கேசட்டும்

நான் ப்ளூஸுக்கு வந்தது பின்வாசல் வழியாக. என் வயசுக்காரர்கள் பலரும் அப்படித்தான் வந்திருப்பார்கள்.

1993. கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல். மூணாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்து, ராஜா பாட்டைத் தவிர வேறொன்றும் தெரியாமல் பெட்டியோடு போய் இறங்கியவன் நான். ரூம்மேட் பாலக்காட்டுக்காரன். இடுக்கித் தமிழனும் பாலக்காட்டுத் தமிழனும் ஒரே ரூமில் இருந்தால் யார் பேசுவது தமிழ் என்று தினம் ஒரு பஞ்சாயத்து நடக்கும், அதை விடுங்கள். அவன் பெட்டியில் துணியைவிடக் கேசட் அதிகம். டீப் பர்ப்பிள், லெட் செப்பலின், க்ரீம், கூடவே கொச்சியின் தர்ட்டீன் ஏடி. முதல் வாரம் காதைப் பொத்திக்கொண்டேன். இரண்டாம் செமஸ்டரில் நானே கேசட் காப்பி எடுக்க ஆரம்பித்துவிட்டேன். (அந்தக் காப்பி எடுத்ததில் ஒரு பாவம் இருக்கிறது. பின்னால் சொல்கிறேன்.)

இந்தப் பாட்டெல்லாம் எங்கிருந்து வந்தது என்று ரொம்ப நாள் யோசித்ததே இல்லை. வெள்ளைக்காரப் பையன்கள் கிதாரோடு பிறந்து அப்படியே வாசித்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பு. வேலைக்கு மெம்பிஸ் வந்த பிறகுதான் கேசட் அட்டையில் பிராக்கெட்டுக்குள் இருந்த பெயர்களைத் தேடிப் போனேன். க்ரீம் 1966-ல் போட்ட முதல் ஆல்பத்தில் ஸ்கிப் ஜேம்ஸ் என்று ஒரு பெயர். ரோலிங் ஸ்டோன்ஸுக்கு அந்தப் பெயரே மடி வாட்டர்ஸின் 1950 பாட்டிலிருந்து எடுத்ததாம். ஒவ்வொரு நூலாகப் பிடித்து இழுத்தால் எல்லாம் மெம்பிஸுக்குத் தெற்கே, நான் இருக்கும் இடத்திலிருந்து ஒன்றரை மணி நேர டிரைவில் போய் முடிந்தது.

ஒரு சனிக்கிழமை தங்கமணியையும் பையனையும் ஏற்றிக்கொண்டு 61-ம் நம்பர் ரோட்டில் கிளார்க்ஸ்டேல் போனோம். அங்கே டெல்டா ப்ளூஸ் மியூசியத்தில் ஒரு மரக்குடிசையை வைத்திருக்கிறார்கள். மடி வாட்டர்ஸ் ஊருக்கு வெளியே ஸ்டோவால் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தபோது குடியிருந்தது. 1941-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக ஆலன் லோமாக்ஸ் அந்தத் தோட்டத்துக்குத் தேடிப் போய்த்தான் அவர் பாட்டைப் பதிவு செய்தார். இரண்டு வருஷத்தில் மடி தோட்டத்தை விட்டு சிகாகோவுக்கு ரயிலேறிவிட்டார்.

குடிசையைப் பார்த்துவிட்டுப் பையன் கேட்டான், "இதுல எத்தனை பேர் இருப்பாங்கப்பா?" எனக்குப் பதில் வரவில்லை. நான் பிறந்த லயத்து வீட்டின் அளவுதான் ஞாபகம் வந்தது. ஒரு அறை, ஒரு அடுப்படி, ஏழு பேர். மிசிசிப்பிப் பருத்தித் தோட்டமும் மூணாறு தேயிலைத் தோட்டமும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். அடிமை வியாபாரத்தின் நிழலில் நடந்த கொடுமையோடு எதையும் சமமாக வைக்க முடியாது. ஆனால் கங்காணி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு மலையேறிய என் கொள்ளுத்தாத்தாவுக்கு அந்த வருஷக் கடைசிக் கணக்கு நன்றாகவே புரிந்திருக்கும். எவ்வளவு உழைத்தாலும் நோட்டுப்படி கடன்காரன் நீதான். குடியிருக்கும் வீடும் உன்னுடையது இல்லை. எங்கள் பக்கம் இன்றைக்கும் ரிட்டயர் ஆனால் லயத்தைக் காலி பண்ண வேண்டியதுதான்.

சரி, மேட்டருக்கு வருகிறேன்.

2022-ல் அட்டப்பாடி நஞ்சியம்மாவுக்குச் சிறந்த பின்னணிப் பாடகி தேசிய விருது அறிவித்தார்கள். 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் இருளர் மொழியில் அவரே எழுதிப் பாடிய பாட்டுக்கு. அட்டப்பாடி, பாலக்காடு ஜில்லாவில் நம் ஆனைகட்டிக்கு அந்தப் பக்கம். அந்த மொழியைக் காது கொடுத்துக் கேட்டால் நமக்குப் பாதி புரியும். ஆடு மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியம்மா ஜனாதிபதி கையால் விருது வாங்கினார். உடனே ஒரு முணுமுணுப்பும் கிளம்பியது. ஒரு சுருதியைக் கொடுத்து அதில் பாடச் சொன்னால் அவரால் பாட முடியுமா, வருஷக்கணக்காகச் சாதகம் பண்ணியவர்களுக்கு இது அவமானம் இல்லையா என்று.

எனக்கு அப்போது ஜான் லீ ஹூக்கர்தான் ஞாபகம் வந்தார்.

ஹூக்கருக்குப் பன்னிரண்டு பார் கணக்கெல்லாம் கிடையாது. ப்ளூஸ் என்றால் பன்னிரண்டு பாரில் சுற்றி வரவேண்டும் என்று பாடப்புத்தகம் சொல்லும். இவர் பதினொன்றில் திரும்புவார், பதிமூன்றரையில் திரும்புவார், மனசில்லாவிட்டால் திரும்பவே மாட்டார். கூட வாசிக்க வந்தவர்கள் திணறிப் போனார்கள். அதனால்தான் 1948-ல் அவரைத் தனியாக உட்கார வைத்து, தரையில் தட்டும் காலையே தாளமாக வைத்துப் பதிவு செய்தார்கள். அது ஹிட்டோ ஹிட். பிற்பாடு அவரோடு ஒட்டிக்கொண்டு வாசிக்க முடிந்தவர், கேன்ட் ஹீட் என்ற பேண்டின் ஆலன் வில்சன். கண்ணாடி போட்ட, கூச்ச சுபாவமுள்ள, நிறையப் படித்த பையன். 1971-ல் வந்த அவர்களுடைய டபுள் ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள். ஹூக்கர் எங்கே திரும்புகிறாரோ அங்கே வில்சன் திரும்புகிறார். ஒரு இடத்தில்கூட 'பெரியவரே, கணக்கு தப்புது' என்று வாத்தியம் சொல்வதில்லை. ஆல்பம் வெளிவருவதற்குள் வில்சன் போய்ச் சேர்ந்துவிட்டார், 27 வயசு.

இதே வில்சன் 1964-ல் இன்னொரு காரியம் செய்தார். சன் ஹவுஸ் என்ற பழைய ப்ளூஸ்காரரை ராச்செஸ்டர் நகரத்தில் தேடிக் கண்டுபிடித்தார்கள். மனுஷர் வாசிப்பதை விட்டுப் பல வருஷமாகியிருந்தது, பழைய பாட்டுகள் கைக்கு வரவில்லை. பழைய ரெக்கார்டுகளைக் கேட்டுக் கற்றிருந்த வில்சன் அவர் எதிரில் உட்கார்ந்து, அவருடைய பாட்டை அவருக்கே வாசித்துக் காட்டி ஞாபகப்படுத்தினார். படிப்பு என்பது இதற்குத்தான் என்பேன். கற்றவன் கல்லாதவருக்குப் பின்னால் போய் வாசிக்கலாம், குடி ஒன்றும் முழுகிவிடாது.

சுருதி விஷயத்துக்கும் இதேதான். தோடியில் காந்தாரத்தை அசைக்காமல் நட்டு வைத்த மாதிரிப் பாடினால் அது தோடியே இல்லை. அதை நாம் கமகம் என்று கொண்டாடுகிறோம். ப்ளூஸ்காரர்கள் காந்தாரத்தையும் நிஷாதத்தையும் பியானோ கட்டைகளுக்கு நடுவில் எங்கேயோ தொங்கவிடுவார்கள். ஆங்கிலேயப் பையன்கள் கிதார் கம்பியை வளைத்து வளைத்துத் தேடியது அந்த இடத்தைத்தான். அதையே அட்டப்பாடியில் ஒரு பாட்டி பாடினால் மட்டும் சுருதி தப்பு!

என் பாலக்காட்டு நண்பன் இதை ஒப்புக்கொள்ள மாட்டான். "விருதுக்கு ஒரு அளவுகோல் வேணுமில்லையா" என்பான். வேண்டும்தான். அந்த அளவுகோலை யார் செய்தது என்பதுதான் என் கேள்வி.

பெயர், பணம் விஷயத்தில் ராக் காரர்கள் எல்லாரும் உத்தமர்கள் இல்லை. 1969-ல் லெட் செப்பலின் போட்ட பெரிய ஹிட்டில் வில்லி டிக்சனின் வரிகள் இருந்தன. அவர் 1985-ல் வழக்குப் போட்டு, இரண்டு வருஷம் கழித்து சமரசமானது. ஸ்கிப் ஜேம்ஸ் விஷயத்தில் க்ரீம் பெயரைப் போட்டார்கள், அந்த ராயல்டி அவருடைய ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவியது. நஞ்சியம்மாவுக்குப் பெயர் கிடைத்தது, விருதும் கிடைத்தது. கணவர் வீட்டாரின் பூர்வீக நிலத்துக்காக அகளியில் அவர் நடத்தும் போராட்டமும் செய்தியில் வந்ததைப் படித்திருப்பீர்கள்.

இப்போது அந்தப் பாவம். 1927-ல் மிசிசிப்பியில் பெருவெள்ளம். இரண்டே வருஷத்தில் சார்லி பேட்டன் பாடி ரெக்கார்டு வந்துவிட்டது, மெம்பிஸ் மின்னியும் கன்சாஸ் ஜோவும் ஒன்று போட்டார்கள். அதைத்தான் லெட் செப்பலின் 1971-ல் எடுத்து உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதற்கு மூன்று வருஷம் முந்தி, 1924 ஜூலையில், எங்கள் மூணாறிலும் பெருவெள்ளம். மலையாளிகள் இன்றைக்கும் தொண்ணூற்றொன்பதாம் வருஷ வெள்ளம் என்பார்கள், கொல்லம் ஆண்டு 1099. குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய குட்டி ரயில் அதோடு முடிந்தது. அந்த வெள்ளத்தில் போன முதல் பிள்ளைக்கு அப்பத்தாவின் அம்மா வைத்த ஒப்பாரியை அப்பத்தா பாடுவாள். சித்தப்பா டூ-இன்-ஒன் வாங்கி வந்த புதிதில் அதைப் பதிவு செய்திருந்தார், அறுபது நிமிஷக் கேசட். அழிந்துவிடக் கூடாது என்று ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கைக்கூட உடைத்து வைத்திருந்தார்.

அந்த ஓட்டையில் காகிதத்தைத் திணித்து, அதன் மேல் டீப் பர்ப்பிளைப் பதிவு செய்தவன் நான். காலி கேசட் வாங்கக் கையில் காசில்லை. அதைவிட முக்கியம், கிழவி ஒப்பாரி வைப்பதை ஹாஸ்டலில் யாராவது கேட்டுவிட்டால் மானம் போய்விடும் என்ற பயம். அப்பத்தா 1996-ல் போய்விட்டாள்.

போன மாசம் ஊருக்கு போன் பண்ணி அம்மாவிடம் கேட்டேன். "அப்பத்தா பாடுமேம்மா, அந்த வெள்ளத்துப் பாட்டு, ஞாபகம் இருக்கா? போன்லயே பாடு, நான் ரெக்கார்டு பண்ணிக்கிறேன்."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. ராகத்தை மட்டும் முனகினாள், வார்த்தை இல்லாமல், இரண்டு இழுப்பு. சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"போடா, கிறுக்கா. வெள்ளிக்கிழமையும் அதுவுமா, வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கையில யாராச்சும் ஒப்பாரி பாடுவாங்களா?"

சனிக்கிழமை திரும்பக் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.