ஜி.ஐ. பைப்னு சொன்னா மட்டும் போதுமா?

இண்டூர் பக்கம் மொட்டை மாடிகள்ல சோலார் பேனல் ஏற ஆரம்பிச்சிருக்கு. 2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்குது, அதான் காரணம். வாங்குறவங்க பேனல் எந்த கம்பெனி, இன்வர்ட்டர் எந்த கம்பெனின்னு துருவித் துருவிக் கேக்குறாங்க. ஆனா அதைத் தாங்கி நிக்கப்போற ஸ்டாண்டைப் பத்தி ஒரே கேள்விதான்: "ஜி.ஐ. தானே?" "ஆமா சார்." பேச்சு முடிஞ்சது.

அந்த "ஆமா"வை நம்பாதீங்கன்னுதான் இதை எழுதுறேன். அவர் பொய் சொல்லல. ஜி.ஐ.ங்கிற பேர்ல ரெண்டு வேற வேற சரக்கு இருக்கு.

முதல் வகை, துத்தநாகம் பூசின தகட்டை வளைச்சு பண்ற பைப். கடையில பளபளன்னு இருக்கும். இதுல 120 ஜி.எஸ்.எம். தரம்னா ரெண்டு பக்கமும் சேர்த்து சதுர மீட்டருக்கு 120 கிராம். ஒரு பக்கத்துக்கு 60. துத்தநாகத்தோட அடர்த்தி 7.14, வகுத்துப் பாருங்க, 8 மைக்ரான் சொச்சம்தான் வரும். ரெண்டாவது வகை ஹாட் டிப். வேலையெல்லாம் முடிஞ்ச ஃபிரேமை 450 டிகிரி கிட்ட உருகிக் கிடக்குற துத்தநாகத் தொட்டியில முக்கி எடுப்பாங்க. ஐ.எஸ். 4759 படி 2-லிருந்து 5 மி.மீ. வரை கனமுள்ள இரும்புக்கு ஒரு பக்கத்துக்கே 460 கிராம், அதாவது 64 மைக்ரான். ஏழு மடங்குக்கு மேல!

"பாம்பன் எங்க, இண்டூர் எங்க? இங்க ஏது உப்புக் காத்து?"ன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புது பாம்பன் பாலத்துக்குப் போட்ட பாலிசிலாக்ஸேன் பூச்சு நம்ம மாடிக்குத் தேவையே இல்ல. ஐ.எஸ்.ஓ. 9223 கணக்குல, நம்ம மாதிரி வறண்ட கிராமப்புறத்துல துத்தநாகம் வருஷத்துக்கு 0.7 மைக்ரானுக்கு மேல கரையாது. 8 மைக்ரான்கூட 11 வருஷம் தாங்கும். ஆனா பேனலுக்கு வாரண்டி 25 வருஷம்னு சொல்லித்தானே விக்கிறாங்க? மீதி 14 வருஷத்துக்கு யார் பொறுப்பு?

அதுகூட பைப்போட நடுப்பகுதிக்கு மட்டும் போட்ட கணக்கு. உண்மையான பிரச்சனை வெல்டிங் வச்ச இடத்துல. துத்தநாகம் 420 டிகிரியில உருகும், 907-ல் கொதிச்சு ஆவியாகும். வெல்டிங் ஆர்க்கோட சூடு அதைவிடப் பல மடங்கு. வெள்ளைப் புகையா போகுதே, அதுதான் நீங்க காசு கொடுத்து வாங்கின பூச்சு. (அந்தப் புகையை சுவாசிச்சா வெல்டருக்குக் காய்ச்சலே வரும், அது தனிக்கதை.) சின்ன கீறல்னா பக்கத்துல இருக்குற துத்தநாகம் தான் கரைஞ்சு இரும்பைக் காப்பாத்திடும். அதோட மின்னழுத்தம் -0.76 வோல்ட், இரும்புக்கு -0.44, அதனால முதல்ல போறது துத்தநாகம்தான். ஒரு ஜாயின்ட் முழுக்க எரிஞ்சுபோனா அந்த வித்தை எடுபடாது.

அப்புறம் என்ன பண்றாங்க? மேல ஒரு சில்வர் பெயின்ட். எனக்குக் கோபம் வர்றது இங்கதான். அது அலுமினியப் பெயின்ட். பார்க்க ஜி.ஐ. மாதிரியே இருக்கும், துத்தநாகம் பண்ற வேலையைப் பண்ணாது. துரு உள்ள வேலை பார்த்துட்டே இருக்கும். ஆடி மாசக் காத்துல பேனலோட சேர்த்து இழுபடப்போறதும் அதே ஜாயின்ட்தான்.

எல்லாத்தையும் ஹாட் டிப் பண்ணணும்னு நான் சொல்லல. தொட்டி இருக்குற ஊருக்கு லாரியில ஏத்தி அனுப்பணும், நாள் ஆகும், செலவும் கூட. ஆள் நடமாட வசதியா உயரமா தூக்கிக் கட்டுற ஸ்டாண்டுக்கும், சாணியும் கோமியமும் படுற மாட்டுக்கொட்டாய் காலுக்கும் அந்தச் செலவு தகும். அப்படி அனுப்பினா வெட்டுறது, துளை போடுறது, வெல்டிங் எல்லாமே முன்னாடியே முடிஞ்சிருக்கணும், மாடியில போல்ட் மட்டும்தான் போடணும். மூடின பைப்ல காத்து வெளியேற ஓட்டை விட மறந்துடாதீங்க. உள்ள தண்ணி மாட்டியிருந்தா தொட்டியில வெடிக்கும்.

அவ்ளோ முடியாதுன்னா, வெல்டிங் இடத்தைக் கிரைண்டர்ல சுத்தம் பண்ணி ஜிங்க் ரிச் பெயின்ட் ரெண்டு கோட் அடிக்கச் சொல்லுங்க. கொட்டேஷன்ல "ஜி.ஐ."ங்கிற வார்த்தைக்குப் பக்கத்துல எத்தனை மைக்ரான்னு எழுதி வாங்குங்க. உங்க லேப்ல கோட்டிங் திக்னஸ் கேஜ் இருந்தா, சரக்கு வண்டியிலேர்ந்து இறங்கும்போதே பைப் மேல வச்சுப் பார்த்துடலாம், ஒரு நிமிஷ வேலை.