சுரண்டல் என்றொரு வேலை

கூடத்துச் சுவருக்குப் பெயிண்ட் அடித்து முடித்ததும் மேஸ்திரி ஒரு கணக்குத் தாளை நீட்டினார். பெயிண்டர்கள் இருவரின் பெயர்கள், ஆளுக்கு நாள் கூலி 1,000 ரூபாய். கீழே ‘சித்தாள் – 1’, 600 ரூபாய். ஆறு நாள் வேலையில் நான்கு நாள் அந்தச் சுவரோடு மல்லுக்கட்டியவர்தான் அந்த ‘ஒன்று’. அவருக்கு மட்டும் பெயர் இல்லை.

மயிலாப்பூரில் சுண்ணாம்புக் காரை பூசிய பழைய வீடு அது. முன்பு குடியிருந்தவர்கள் ஓதக் கறையை மறைக்க பிளாஸ்டிக் வால்பேப்பர் ஒட்டியிருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். அதன்மேல் பிளாஸ்டிக்கை ஒட்டினால் ஈரம் உள்ளேயே தங்கிக் காரையைத் தின்னும்.

அக்கா வெந்நீரால் தாளை நனைத்து ஊறவிட்டார். தகட்டைச் சாய்த்துப் பிடித்து, காரை பெயராமல் உரித்தெடுத்தார். பசை மிச்சமிருந்தால் மேலே அடிக்கும் பெயிண்ட் வெடித்து உரியும் என்பதால் சுவரை மூன்று முறை கழுவித் துடைத்தார். காய்ந்த பிறகு விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனவர், ஜன்னலுக்குக் கீழே நின்றார்.

“இங்க பொள்ளலா கேக்குதும்மா. காரையக் கொத்தி எடுத்துட்டுச் சுண்ணாம்புலயே பூசணும். சிமென்ட் வெச்சா நிக்காது.”

மேஸ்திரி சிரித்தார். “அவ சித்தாளு மேடம். அவளுக்கு என்ன தெரியும்? பட்டி பாத்துட்டா எல்லாம் மூடிக்கும்.”

நான் வாயைத் திறக்கவில்லை. ஐப்பசி மழையில் சரியாக அதே இடம் உப்பிப் பொரிந்து கொட்டியது.

தமிழில் சுரண்டல் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். பெயிண்ட் வேலை நடக்கும் இடங்களில் இரண்டும் ஒரே பெண்ணுக்கு நடக்கிறது. பழைய பூச்சைச் சுரண்டுவது, உப்புத்தாள் தேய்ப்பது, தூசியைத் துடைப்பது, தண்ணீர் சுமப்பது அவள். பிரஷ்ஷும் ரோலரும் ஆண் கையில். பெயிண்ட் எத்தனை வருடம் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது அடியில் இருக்கும் சுவர்தான். அதைத் தயார் செய்யும் வேலைக்கு மட்டும் ‘கைவேலை தெரியாதவள்’ கூலி.

பெண்களால் பெயிண்ட் அடிக்க முடியாதா? பொங்கலுக்கு முன் ஊர் ஊராகச் சுண்ணாம்பு கரைத்து வெள்ளையடித்துச் செம்மண் பட்டை இழுத்தவர்கள் யார்? கூலி இல்லாதவரை அது பெண் வேலை. கூலி வந்த அன்றே அது ஆண் தொழில் ஆகிவிட்டது. ஏணியில் ஏற மாட்டார்களாம். தலையில் செங்கல் சுமந்து சாரம் ஏறுகிறவளுக்கு, கையில் பிரஷ் இருந்தால் மட்டும் கால் வழுக்கிவிடுமா?

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 1976இன் சம ஊதியச் சட்டம், ஒரே வேலைக்கும் ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் ஒரே கூலி என்றது. 2019இன் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. ஓட்டை ‘ஒத்த தன்மை’ என்ற இடத்தில் இருக்கிறது. அவளிடம் பிரஷ்ஷைக் கொடுக்காமலே இருந்துவிட்டால் வேலை ஒன்றாகாது. வேலை ஒன்றாகாவிட்டால் கூலியும் ஒன்றாக வேண்டியதில்லை. கையாளாக நுழையும் பையன் சில வருடங்களில் பெயிண்டர் ஆகிறான். அவள் இருபது வருடம் கழித்தும் சித்தாள்.

கூலியோடு இது முடிவதுமில்லை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016இல்தான் வந்தது. அதற்கு முன் அடித்த எண்ணெய்ப் பெயிண்ட் பல பழைய வீடுகளில் இன்னும் அடி அடுக்காக இருக்கிறது. அதை உலர்வாகத் தேய்த்தால் ஈயத் தூசி பறக்கும். உடலுக்குள் போன ஈயம் எலும்பில் தங்கும். கர்ப்பிணியிடமிருந்து கருவுக்குப் போகும். அவளுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, மூக்கில் கட்டிக்கொள்ளும் சேலைத் தலைப்பு.

படித்த, வீடு வைத்திருக்கிற பெண்களான நம்மிடம்தான் பேசுகிறேன். கூலியைக் கொடுப்பது நாம். சுவரைத் தயார் செய்பவரின் பெயர் கணக்கில் வர வேண்டும் என்று கேளுங்கள். அந்த வேலைக்குப் பெயிண்டர் கூலி கேளுங்கள். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். தூசி வடிகட்டும் முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர் பதிந்திருக்கிறாரா என்று விசாரியுங்கள். அவர் “பொள்ளல்” என்றால், என்னைப் போல வாயை மூடிக்கொண்டு நிற்காதீர்கள்.

மழை விட்டதும் அக்காவையே தேடிப் பிடித்து வரச் சொன்னேன். கொத்தி, நனைத்து, சுண்ணாம்புக் காரை பூசி, காயவிட்டு, வெள்ளையும் அவரே அடித்தார். நாளுக்கு 1,000 ரூபாய் கொடுத்தேன். செய்தி மேஸ்திரிக்குப் போய்விட்டது. போனில் கத்தினார்: “ரேட்டைக் கெடுக்கிறீங்க மேடம்!”

ஆமாம். அந்த ரேட் கெடத்தான் வேண்டும். நான் ஒருத்தி கெடுத்தால் போதாது.