உடம்பைப் பார்த்துக்கோ என்று சொல்லாதீர்கள்

போன வருஷம் அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷன். 12-ஆம் நாள் தையல் பிரித்தார்கள். 13-ஆம் நாள் காலை தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா படியேறி வந்தாள். நான் லேப்டாப்பில் மீட்டிங்கில் இருந்தேன். "உடம்பைப் பாத்துக்க மாட்டியாம்மா?" என்று கத்தினேன். கத்திவிட்டு மறுபடியும் மீட்டிங்கில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் எனக்குக் கோபம். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்த சித்தி சொன்னாள், ஆப்பிளோடு வந்த மாமா சொன்னார், டிஸ்சார்ஜ் அன்று டாக்டரும் சொன்னார்: உடம்பைப் பாத்துக்கோங்க. யார் பார்த்துக்கொள்வது? வயிறு கிழிபட்டவளேதான். கேட்க அன்பாக இருக்கும், ஆனால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: இது உன் வேலை, என் வேலை இல்லை.

"தையல் பிரிச்சாச்சுல்ல, இனி என்ன?" என்கிறோம். தையல் பிரிப்பது தோல் ஒட்டிக்கொண்டது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். மூன்று வாரம் ஆனாலும் அந்த இடத்துக்குப் பழைய பலத்தில் கால்வாசிதான் வந்திருக்கும். முக்கால்வாசியைத் தாண்ட மாதக்கணக்கில் ஆகும். முழுசாக ஒருபோதும் வராது. வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தவர்களை ஆறு வாரமாவது கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான். நிறைந்த குடம் சுமார் 15 கிலோ. சிலிண்டரில் காஸ் மட்டுமே 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் 30 கிலோ பக்கம் வரும். தையல் போட்ட இடம் உள்ளே விட்டுக்கொடுத்தால் அதற்குப் பெயர் குடலிறக்கம். அதற்கு இன்னொரு ஆபரேஷன்.

"டாக்டரே நடக்கச் சொல்லிட்டாரே" என்று அடுத்த வாதம். ஆமாம், நடக்கத்தான் வேண்டும். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம், அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஆனால் நடக்கச் சொன்னது வராண்டாவில். ரேஷன் கடைக்கு இல்லை.

பத்தியம் என்று இன்னொரு கொடுமை. முட்டை வேண்டாம், மீன் வேண்டாம், பருப்பு வேண்டாம், சீழ் வைக்கும் என்று நிறுத்திவிடுகிறோம். புண் ஆற உடம்பு கேட்பதே புரதத்தைத்தான். சுவர் எழுப்பச் சொல்லிவிட்டு செங்கலை ஒளித்து வைக்கிற வேலை இது. தண்ணீரையும் குறைத்தால் மலச்சிக்கல் வரும். முக்குகிற ஒவ்வொரு முறையும் தையல் இழுபடும்.

"எங்க பாட்டியெல்லாம் பிள்ளை பெத்த மறுவாரம் வயலுக்குப் போனா" என்று பெருமை பேசுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கர்ப்பப்பை கீழே இறங்கி, இருமினால் சிறுநீர் சொட்டி, அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுச் செத்த பாட்டிகளை நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

இதே வீட்டில் ஐந்து வருஷம் முன்னால் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. ஒரு மாதம் ஈஸி சேரை விட்டு இறங்கவில்லை. "உடம்பைப் பாத்துக்கோங்க" என்று யாரும் அவரிடம் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. சொல்லத் தேவையே இருக்கவில்லை. பார்த்துக்கொள்ள அம்மா இருந்தாள்.

சட்டப்படி, கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட பெண் ஊழியருக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஓய்வு என்றால் யாராவது விலை கொடுக்க வேண்டிய நேரம் என்பது சட்டத்துக்கே புரிந்திருக்கிறது. அடுப்படியில் நிற்கிறவளுக்கு அந்த விடுப்பை எந்த முதலாளி தருவார்? அந்த முதலாளி நாம்தான்.

"படுக்கச் சொன்னாலும் படுக்க மாட்டேங்கிறாங்க" என்று சொல்லாதீர்கள். தொட்டியில் பாத்திரம் குவிந்து கிடக்கிறது, மாவு தீர்ந்துவிட்டது, குழாயில் தண்ணீர் வருகிற சத்தம் கேட்கிறது. எப்படிப் படுப்பாள்? முடிக்காத வேலை கண்ணில் படுகிறவரை ஓய்வு கிடையாது. ஓய்வு என்பது அந்த வேலையை வேறு யாரோ செய்து முடிப்பது.

அந்தக் குடத்துக்கு அப்புறம் நான்கு வாரம் தண்ணீர் நான்தான் பிடித்தேன். சாம்பார் வைத்தேன், கேவலமாக இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். ஆபீஸில் இரண்டு மீட்டிங் போனது. உலகம் ஒன்றும் அழிந்துவிடவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது வீடு திரும்பினால், ஆப்பிள் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். போய்த் தண்ணீர் பிடித்து வையுங்கள். பாத்திரத்தைக் கழுவிவிட்டு வாருங்கள். "பாத்துக்கோ" என்று வாய் வரைக்கும் வந்தால், "நான் பாத்துக்கிறேன்" என்று மாற்றிச் சொல்லுங்கள். சொன்னதைச் செய்யுங்கள்.