விபத்தில்லாத சாலை பாதுகாப்பான சாலையா?

நகர்ப்புறக் குடியிருப்புகளில் நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் உள்ள பாதுகாப்பை மதிப்பிடும் ஆய்வுகள் பெரும்பாலும் காவல்துறையின் விபத்துப் பதிவுகளிலிருந்தே தொடங்குகின்றன. 2022ஆம் ஆண்டில் மட்டும் 32,825 பாதசாரிகள் சாலைகளில் உயிரிழந்தனர் என ஒன்றிய அரசின் அறிக்கை கூறும் நாட்டில் அப்பதிவுகளைப் புறந்தள்ள இயலாது. ஆயினும் அவை இறந்தவர்களை எண்ணுமேயன்றி, அஞ்சி ஒதுங்கியவர்களை எண்ணமாட்டா.

கொல்கத்தாவைப் பார்க்கலாம். போக்குவரத்து தடையின்றிச் செல்லவேண்டும் என்பதற்காக 2013இல் அந்நகரின் 174 சாலைகளில் மிதிவண்டிகளுக்குத் தடை விதிக்கப்பட்டது; எதிர்ப்புக்குப் பின் பட்டியல் சுருங்கியது. பால்காரரும் செய்தித்தாள் போடுபவரும் அபராதம் கட்டினர், அல்லது சந்துகளைச் சுற்றிச் சென்றனர். மிதிவண்டியே நுழையாத சாலையில் மிதிவண்டி விபத்து எவ்வாறு நிகழும்? பதிவுகளை மட்டும் நம்பும் ஆய்வாளரோ அச்சாலைக்கு முழு மதிப்பெண் அளித்துவிடுவார். விலக்கலையே பாதுகாப்பாகக் கணக்கிடும் இம்முறை பிழையானது மட்டுமன்று, அநீதியானதும்கூட.

நடைபாதை அளவீடும் இவ்வாறே வழுக்குகிறது. தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்கின்றன இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுநெறிகள். அளவுநாடாவுடன் கரியாஹாட் கடைவீதிக்குச் சென்றால் நடைபாதைக் கடைகள் அனைத்தும் 'தடை' என்றே குறிக்கப்படும். 1996இல் 'ஆபரேஷன் சன்ஷைன்' என்ற பெயரில் அவை அகற்றப்பட்டன. வணிகர்கள் திரும்பி வந்தனர். இருட்டியபின் தனியே வீடு திரும்பும் பெண்ணுக்கு அக்கடைகளின் விளக்கும் ஆள் நடமாட்டமும் துணை என்பது நாடாவில் பதிவாவதில்லை. இது கடைகளுக்கான வக்காலத்து அன்று. சக்கர நாற்காலி செல்ல வழி வேண்டும், விற்பனைக்கு இடமும் வேண்டும். இரண்டுக்கும் இடம் வகுக்கத்தான் 2014ஆம் ஆண்டின் தெரு வணிகர் சட்டம் நகர விற்பனைக் குழுக்களை ஏற்படுத்தியது.

சாலையைக் கடக்கும் நேரத்தையும் நோக்கவேண்டும். நடப்போரின் வேகம் நொடிக்கு 1.2 மீட்டர் எனக் கொண்டால் 12 மீட்டர் சாலையைக் கடக்கப் பத்து நொடி போதும். நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்குப் பதினைந்து நொடி தேவை. எஞ்சிய ஐந்து நொடியில் அவர் சாலை நடுவே நிற்பார். இரண்டொரு முறை அவ்வாறு நின்றபின் அவ்வழியே வருவதை விட்டுவிடுவார். அவரைச் சந்திக்கவேண்டுமெனில் ஆய்வு மாணவர் சந்திப்பில் நின்று பயனில்லை. வீட்டுக் கதவைத் தட்டி, எந்தத் தெருவுக்குப் போவதை எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்கவேண்டும்.