மழலையர் பள்ளி: யார் எதைச் சுமப்பது?



முதல் வகுப்பில் சேரும் நாளன்றே சில குழந்தைகள் முன்னும் சில குழந்தைகள் பின்னுமாக நிற்கின்றனர். இறைவன் அளித்த அறிவில் குறைவில்லை. அதற்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளில் கிடைக்க வேண்டியது கிடைக்காமற் போனதே காரணம். இக்குறையை ஓர் ஏழைச் சமுதாயம் எவ்வாறு போக்கலாம் என்பதற்குக் கிழக்கு ஆப்பிரிக்க முஸ்லிம்களின் அனுபவம் சிறந்த படிப்பினையாகும்.

கென்யாவின் மொம்பாசா கடற்கரையில் நம் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகச் 'சூவோ' எனப்படும் குர்ஆன் பள்ளிகளில் ஓதி வந்தனர். ஆயினும், எழுத்தும் எண்ணும் பயின்று வந்த பிற குழந்தைகளோடு பள்ளிக்கூடத்தில் அமர்ந்தபோது பின்தங்கினர். மற்ற மழலையர் பள்ளிகளுக்கு அனுப்பினால் பிள்ளைகள் தீனை மறந்துவிடுவார்களோ என்று பெற்றோர் அஞ்சினர். 1980-களின் தொடக்கத்தில் அப்பகுதி முஸ்லிம் பிரமுகர்கள், அந்நாளில் இஸ்மாயிலிகளின் இமாமாக விளங்கிய கரீம் ஆகா கானிடம் இக்குறையை எடுத்துரைத்தனர். சுன்னத் வல் ஜமாஅத்தினர் பெரும்பான்மையாக வாழும் அவ்வட்டாரம், குழந்தைகளின் நலனுக்காகக் கொள்கை வேறுபாட்டைக் கடந்து கைகோத்தது கருதத்தக்கதன்றோ!

1986-இல் மொம்பாசாவில் சுவாஃபியா சயீத் என்ற ஆசிரியை இப்பணியைத் தொடங்கினார். 1990-இல் சான்சிபாருக்கும், 1993-இல் உகாண்டாவுக்கும் அது பரவியது. ஒவ்வோர் ஊரோடும் ஓர் ஒப்பந்தம். ஊரார் இடம் தந்து நிர்வாகக் குழு அமைக்க வேண்டும். ஆகா கான் அறநிறுவனத்தின் மத்ரஸா வள மையம் பயிற்சி தரும். அவ்வூர்ப் பெண்களே ஆசிரியைகள் ஆவர். தேங்காய்ச் சிரட்டையும் கிளிஞ்சலுமே குழந்தைகளுக்கு எண்ணும் பொருள்களாயின. துஆவும் சூராவும் ஒருபுறம், கதையும் விளையாட்டும் கணக்கும் மறுபுறம் எனப் பாடம் அமைந்தது. இவ்வாறு மூன்று நாடுகளிலும் ஏறத்தாழ 200 பள்ளிகள் எழுந்தன. 2008-இல் வெளியான ஆய்வு ஒன்று, வீட்டிலேயே இருந்த குழந்தைகளைவிட மழலையர் பள்ளிக் குழந்தைகள் முன்னேறியிருந்தனர் என்றும், அவர்களுள்ளும் இப்பள்ளிப் பிள்ளைகள் மேலோங்கி நின்றனர் என்றும் கண்டது.

இனி, இதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இடம் ஊரார் தந்தனர். பயிற்சி அறநிறுவனம் தந்தது. ஆசிரியையின் ஊதியத்தை யார் தருவது? ஏழைப் பெற்றோரின் சிறு கட்டணமே அதற்கு வழி. மீன்பாடு குறைந்தாலும் விளைச்சல் பொய்த்தாலும் கட்டணம் நின்றுவிடும், ஊதியமும் நின்றுவிடும். பயிற்சி பெற்ற ஆசிரியை நல்ல ஊதியம் தேடி வேறிடம் செல்வார். ஆக, எவ்வூர் மிக ஏழ்மையானதோ அவ்வூரே தன் ஆசிரியையை முதலில் இழக்கும். ஊரார் திரட்டிய தொகையோடு நிறுவனமும் பங்கு சேர்த்து, வக்ஃபைப் போல் முதலை வைத்து வருவாயைச் செலவிட முயன்றதும் உண்டு. நல்ல ஏற்பாடே, எனினும் அவ்வருவாய் சிறிது.

இங்கேதான் அரசின் கடமை எழுகின்றது. சான்சிபார் தனது 2006-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையில் மழலையர் கல்வியைக் கட்டாய அடிப்படைக் கல்வியின் ஓர் அங்கமாக்கியது. கென்யாவின் 2010-ஆம் ஆண்டு அரசியல் சாசனம் அப்பொறுப்பை மாவட்ட அரசுகளிடம் ஒப்படைத்தது. இவை வரவேற்கத்தக்கன. ஆயினும் காகிதத்தில் எழுதிய கடமை, ஆசிரியையின் கையில் ஊதியமாய்ச் சேரும்வரை நிறைவு பெறாது.

'கூட்டுப் பொறுப்பு' என்பது அழகிய சொல். அதைச் சொல்லி அரசு தன் சுமையை ஏழையின் தோளுக்கு மாற்றிவிடவும் கூடும். ஊரார் அன்பையும் இடத்தையும் தரலாம். அறநிறுவனம் அறிவைத் தரலாம். எல்லா ஊர்க் குழந்தைக்கும் ஒரே தரம் கிடைக்க வேண்டுமாயின், ஊதியத்தை அரசே ஏற்க வேண்டும். உழைத்தவரின் கூலியைத் தாமதியாது கொடுப்பது மார்க்கம் நம்மீது விதித்த கடமையன்றோ? குழந்தையின் கையைப் பிடித்து முதல் எழுத்தை எழுதுவிப்பவரை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பும் எந்த ஏற்பாடும், எத்துணைச் சிறந்ததாயினும், நீதியானதாகாது.